செவிட்டுப் பெட்டி

அன்று தூத்துக்குடியில் ஒரு பொட்டு மழை இல்லை. உப்பளத்தின் மேல் வெயில் கண்ணைக் குத்தியது. அந்த வெயிலோடு வெயிலாக ஊர் முங்கிக்கொண்டிருந்தது.

மழையெல்லாம் மேற்கே, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கொட்டி முடித்துவிட்டது. அங்கே இரண்டு குளங்கள் காலையில் கரையை உடைத்துக்கொண்டன. அந்தத் தண்ணீர் பதினொரு மணிவாக்கில் ஊர் எல்லையைத் தொட்டதும் வடிகால் கழகத்தின் மதகுகள் தாமாகத் திறந்தன. ஊருக்கு அடியில் நான்கு கிலோமீட்டர் ஓடும் சுரங்க வடிகாலுக்குள் வெள்ளம் இறங்கியது. சுரங்கம் முடிகிற இடத்தில், கடலோரம், ஐந்து பெரிய பம்புகள் அதை வாங்கிக் கடலில் தள்ள வேண்டும்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு மூன்றாம் பம்பு நின்றது.

நின்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. மோட்டார் ஓடியது. உள்ளே சக்கரம் சுற்றியது. தண்ணீர்தான் ஏறவில்லை. மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த பொறியாளர் பியூலா, திரையில் அந்தப் பம்பின் மின்சாரக் கோடு சரிவதைப் பார்த்தாள். சுமையை இறக்கிவைத்தவன் கை வீசி நடப்பதுபோல மோட்டார் லேசாக ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. இயக்குநர் கோமதிநாயகம்.

"பியூலா, மூணாம் நம்பருக்கு என்னம்மா ஆச்சு? சங்குக்காரத் தெருவுல முழங்கால் தண்ணி வந்துட்டுங்கான். முந்நூறு வீடு இருக்கு அங்க."

"காத்து பிடிச்சிருக்கு சார்."

"காத்தா? உன் பெட்டி இருக்கும்போதா?"

இரண்டு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தேவை வந்ததில்லை.

பெட்டி அவளுடைய பெட்டி. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் இங்கே வந்த புதிதில் பம்புக் கூடத்தில் ஏழு பேர் வேலை பார்த்தார்கள். ஏழு பேருக்கும் மூத்தவர் மரியசூசை. காதில் எப்போதும் ஒரு பீடித் துண்டு, கையில் இருபத்துநாலாம் நம்பர் ஸ்பானர், வாயில் யாரைப் பற்றியாவது ஒரு கிண்டல். பியூலா முதல் நாளே அவரிடம்தான் கேட்டாள்.

"இவ்ளோ பெரிய பம்பு, கொஞ்சம் காத்து போனதுக்கு ஏன் இப்படிப் படுத்துக்குது?"

"தண்ணியக் கையில அள்ளி வீசுங்க. வீசுறீங்க, போய் விழுது. இப்ப வெறுங்கைய வீசுங்க. என்னத்த போய் விழும்? அவ்வளவுதான் இஞ்சினியரம்மா. இந்தச் சக்கரத்துக்குத் தண்ணிய வீசத்தான் தெரியும். உள்ள காத்து பூந்துட்டா நாள் பூராவும் வெறுங்கைய வீசிட்டு நிக்கும்."

"காத்து பூந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தந்தான். வயித்துக்குள்ள கூழாங்கல்லு உருளுத மாதிரி கேக்கும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சூசை திரும்பினார். பியூலாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து பம்பும் ஒரே இரைச்சல். சூசை இரண்டாம் பம்பின் முதுகில் ஸ்பானரால் தட்டினார். ட்ணங், ட்ணங், ட்ணங். ஒரு மூச்சு இடைவெளி. ட்ணங். பிறகு உச்சியில் இருந்த திருகைத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு வந்தது. எச்சில் துப்புவதுபோலத் தண்ணீர் விட்டுவிட்டுத் தெறித்தது. கடைசியில் நூலாக ஓடியதும் திருகை மூடினார்.

"எதுக்குத் தட்டுனீங்க?"

"மேல ஒட்டிக்கிட்டு இருக்கும்லா குமிழி, அத எழுப்பிவிட. அது எழும்புதோ இல்லையோ, எங்க ஐயா தட்டுவாரு, நான் தட்டுதேன்."

பியூலா எட்டு மாதம் பம்புகளில் ஒலிவாங்கிகளைப் பொருத்திவைத்தாள். நாலாயிரம் மணி நேரச் சத்தம் சேர்ந்தது. எந்தெந்த நிமிடம் காற்று பிடித்தது, சூசை எப்போது வெளியேற்றினார் என்று குறித்துவைத்தாள். சத்தத்தையும் குறிப்பையும் ஒரு கணினிப் பெட்டிக்குக் கொடுத்து, நீயே கற்றுக்கொள் என்று விட்டாள். அது கற்றுக்கொண்டது. இனி காற்று பிடித்த மறு நொடியே உறிஞ்சு குழாயின் அடைப்பான் தானாகத் திறக்கும். பெட்டி சொல்லும்: காற்று உள்ளது, உறுதி இத்தனை சதவீதம்.

பெட்டி வந்த மாதமே ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எண்ணெய் போடவும் துடைக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று சூசையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

"செவிட்டுப் பெட்டி" என்றுதான் சூசை அதைக் கூப்பிடுவார். அவள் காதுபடவே.

"போன மழைக்கு எழுபது தடவை காத்தைப் பிடிச்சிருக்கு. ஒரு தடவைகூடத் தப்பல. இன்னுமா செவிடு?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"ஒரு மழைக்கு நான் இல்லாம ஓட்டிப் பாருங்க இஞ்சினியரம்மா. பொறவு பேசுவோம்."

கூட்டாளிகள் ஆறு பேரும் போன வருத்தத்தில் பேசுகிறார் என்று அவள் நினைத்தாள். சிரித்துவிட்டு மாடி ஏறினாள். மழைக்காலத்தில் அவர் ஒருநாளும் லீவு போட்டதில்லை. அவளும் ஓட்டிப் பார்த்ததில்லை.

இந்த வருடம் பெட்டியின் காதைச் சுரங்கத்துக்குள்ளும் நீட்டினார்கள். சுரங்கத்தின் கூரை ஆறு இடங்களில் மேலே எழும்பிக் கூடுபோல இருக்கும். வெள்ளத்தோடு வருகிற காற்று அங்கே போய்த் தேங்கும், பிறகு மொத்தமாகக் கிளம்பிப் பம்புக்குள் புகும். அதனால் ஒவ்வொரு கூட்டின் உச்சியிலும் ஒரு குழாய் வாய், ஒரு ஒலிவாங்கி. ஆறு வாய்க்கும் ஐந்து பம்புக்கும் சேர்த்து உறிஞ்சு இயந்திரம் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் அது உறிஞ்சும். எங்கே என்பதைப் பெட்டி முடிவு செய்யும்.

இப்போது பெட்டி மூன்றாம் பம்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் கீழ் வரியில் பச்சை எழுத்து மின்னியது.

ஆறாம் வாய். காற்று உள்ளது. உறுதி: 99.

பியூலாவுக்கு மூச்சு வந்தது. "சார், மூலத்தைக் கண்டுபிடிச்சிட்டுது. ஆறாம் வாய்க் கூட்டுல நிறையக் காத்து தேங்கியிருக்கு. அதான் பம்புக்கு வந்திருக்கு. பதினஞ்சு நிமிஷமா அது உறிஞ்சிட்டுதான் இருக்கு. மறுபடியும் மறுபடியும் காத்து இருக்குன்னே காட்டுது."

"போதலைன்னா கூட்டி வை."

அவள் பழக்கப்படி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சுரங்கத்தில் ஆள் யாரும் இல்லை என்றது திரை. கீழே போகிறவர்கள் கட்டும் கைப்பட்டைகள் எட்டும் வெளியேதான் இருந்தன. காலையில் ஆறாம் வாயில் ஒரு அடைப்பான் இறுகியிருக்கிறது என்று சூசையும் எலெக்ட்ரீஷியன் பேச்சித்தாயும் இறங்கியிருந்தார்கள். பத்தரைக்கு ஏறிவிட்டார்கள். மதகு திறக்கும் முன் அவள் சூசையின் போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. டீக்கடையில் இரைச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஒலிவாங்கியின் ஹெட்போன் மேசைக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்கியது. பெட்டி வந்த பிறகு அதை யாரும் மாட்டியதில்லை. அன்றும் அவள் மாட்டவில்லை.

ஆறாம் வாயின் உறிஞ்சு விசையை முழு அளவுக்குத் தள்ளினாள்.

கால் மணி நேரம் போயும் மூன்றாம் பம்பு வெறுங்கையை வீசிக்கொண்டே இருந்தது. ஆறாம் வாயில் எழுத்து ஓய்ந்துவிட்டது. சங்குக்காரத் தெருவில் இடுப்பளவு என்று தகவல் வந்தது. கட்டில்மேல் ஏறி நிற்கிறார்களாம்.

பியூலா கீழே ஓடினாள். கூடம் காலியாகக் கிடந்தது. திருகுகளை எல்லாம் அவளே போன வருடம் கழற்றச் சொல்லியிருந்தாள். பெட்டிதான் திறக்கும், கைத்திருகு எதற்கு? சுவரில் ஸ்பானர் மாட்டும் பலகையில் இருபத்துநாலாம் நம்பரின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்ததை உருவிக்கொண்டு மூன்றாம் பம்பின் முதுகில் தட்டினாள். என்ன செய்வது என்று தெரியாதவள் செய்கிற காரியம்தான் அது. சூசை தட்டுவார், அவளும் தட்டினாள். அவருடைய நிதானம் அவளுக்கு வரவில்லை. நாலு தட்டும் ஒரே ஓட்டமாக விழுந்தன. மறுபடியும் தட்டினாள்.

தலைக்கு மேல் அடைப்பான் சீறியது. சுவர்த் திரையில் எழுத்து வந்தது. மூன்றாம் பம்பு, காற்று உள்ளது, உறுதி 97. காற்று கிளம்பியது, தண்ணீர் துப்பியது, பம்பு ஒரு உறுமலோடு பிடித்துக்கொண்டது.

"அப்பாடா, முழிச்சுக்கிட்டியா!" என்று அவள் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னாள்.

மாலை நாலு மணிக்குச் சுரங்கத்தில் தண்ணீர் பாதிக்கு இறங்கியது. சங்குக்காரத் தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. கோமதிநாயகம் பிரியாணி வரவழைத்தார். அந்த நேரத்தில்தான் மூன்றாம் பம்பின் முன்னால் இருக்கும் கம்பி வலையில் எதுவோ வந்து மோதி நிற்கிறது என்று கண்டார்கள். தீயணைப்புப் படையினர் இறங்கினார்கள். மரியசூசையை வெளியே எடுத்துக் கிடத்தினார்கள்.

பேச்சித்தாயை ஆறாம் வாய்க் கூட்டில் உயிரோடு கண்டுபிடித்தார்கள். அந்தக் கூட்டில் கால் வைக்க ஒரே ஒரு இரும்புப் படிதான் உண்டு. சூசையின் துண்டால் அந்தப் படிக்கு மேலிருந்த கம்பியோடு அவள் கட்டப்பட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பியூலா அவளைப் பார்க்கப் போனாள். பேச்சித்தாய் நாற்பது வயதுக்காரி, கூடத்தில் சூசைக்கு வாயாடச் சரியான ஜோடி. இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"டீ குடிச்சிட்டு இருக்கும்போதுதான் அண்ணாச்சி இடுப்பத் தடவுனாக. ஸ்பானர ஆறாம் கூட்டுலயே வச்சிட்டு வந்துட்டேங்காக. ‘போனாப் போவுது, சாயங்காலம் எடுத்துக்கிடலாம்’னேன். ‘அது எங்க ஐயா ஸ்பானரு’ன்னு நடந்துட்டாக. தனியா இறங்கப்பிடாதுல்லா, நானும் கூடப் போனேன். கைப்பட்டய டீக்கடை மேசையில கழத்தி வச்சது நெனப்பே இல்ல மேடம். ரெண்டு பேருக்குமே."

"தண்ணி வந்தப்ப?"

"கூட்டுக்கு ஏறிட்டோம். நெஞ்சளவு தண்ணி, மேல நல்ல காத்து. அண்ணாச்சிக்குச் சிரிப்பு. ‘ஏ பேச்சி, இந்தக் குழா நேரா நம்ம கூடத்துக்குத்தான் போவுது. மைக்கு வேற இருக்கு. தட்டுனா இஞ்சினியரம்மாவுக்குக் கேக்கும், மதக அடச்சிருவாக’ன்னு தட்டுனாக." பேச்சித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். "தட்டத் தட்டத் தண்ணி ஏறுச்சு மேடம்."

"தட்டுனதுக்கா ஏறுச்சு?" என்றாள் பியூலா.

"ஒவ்வொரு தட்டுக்கும் மேல குழா ஸ்ஸுன்னு இழுக்கும். தண்ணி ஒரு விரக்கட ஏறும். நாலஞ்சு தடவைக்கு மேல அண்ணாச்சி நிறுத்திட்டாக. நான் ஸ்பானரப் புடுங்கித் தட்டப் போனேன். கையப் புடிச்சிட்டாக. ‘தட்டாத. பெட்டிக்கு நாம தட்டுறது காத்துன்னு கேக்குது’ன்னாக. அதுக்குப் பொறவுதான் ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, தண்ணி நாடியத் தொட்டு வாய்க்கு வந்துட்டு. படியில ஒரு ஆள்தான நிக்க முடியும்? என்ன ஏத்திக் கட்டிட்டு அவுக கம்பியப் புடிச்சித் தொங்குனாக. எவ்வளவு நேரந்தான் தொங்குவாக?"

அந்தக் கடைசி இழுப்பை யார் இழுத்தது என்று பியூலா சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தாள். நர்ஸ் வந்துவிட்டாள்.

மறுநாள் அறையைப் பூட்டிக்கொண்டு கொக்கியிலிருந்த ஹெட்போனை மாட்டினாள். ஆறாம் வாயின் ஒலிப்பதிவை ஓடவிட்டாள். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே தெளிவாகக் கேட்டது. ட்ணங், ட்ணங், ட்ணங். ஒரு மூச்சு. ட்ணங். அதற்கு அரை நொடி கழித்துப் பெட்டியின் குறிப்பு: காற்று உள்ளது, உறுதி 99.

பழைய நாலாயிரம் மணி நேரத்தை எடுத்தாள். எங்கெல்லாம் ‘காற்று’ என்று அவள் கைப்படக் குறித்திருந்தாளோ, அங்கெல்லாம் சூசையின் தட்டு இருந்தது. அப்போது அது அவள் காதில் விழாமல் இல்லை. பின்னணிச் சத்தம் என்று விட்டிருந்தாள். பெட்டி விடவில்லை. அதற்கு எதைக் கற்பது சுலபமோ அதைக் கற்றுக்கொண்டது.

தட்டுகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு மிச்சச் சத்தத்தை மட்டும் பெட்டிக்குக் கேட்கக் கொடுத்தாள். நூறு காற்றில் இரண்டைக்கூட அது சொல்லவில்லை.

அப்படியானால் இந்த இரண்டு வருடம்?

போன இரண்டு மழைக்காலப் பதிவுகளையும் ஒன்றுவிடாமல் கேட்டாள். நான்கு நாள் ஆனது. எழுபதும் எழுபத்தெட்டுமாக மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு தடவை பெட்டி காற்றைக் கண்டுபிடித்திருந்தது. நூற்று நாற்பத்தெட்டு தடவையும், அதற்கு அரை நொடி முன்னால், மூன்று தட்டு, ஒரு மூச்சு, ஒரு தட்டு. எண்ணெய்க் குவளையோடு கூடத்தில் சுற்றி வந்த மனிதர், வயிற்றுக்குள் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்டபோதெல்லாம் பழக்கதோஷத்தில் ஸ்பானரை எடுத்திருக்கிறார். பெட்டி ஒருநாளும் காற்றைக் கேட்டதில்லை. சூசையைக் கேட்டது.

அவர் சுரங்கத்துக்குள் இருந்தபோது மூன்றாம் பம்பைத் தட்ட ஆள் இல்லை. அவ்வளவுதான் அன்று நடந்தது.

விசாரணை அறிக்கை இரண்டு பக்கத்தில் முடிந்திருந்தது. கோமதிநாயகம் அதை அவள் முன் நகர்த்தினார். நல்ல மனிதர். சூசை வீட்டுக்கு அவரே போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தவர்.

"கைப்பட்டை இல்லாம, அனுமதி இல்லாம இறங்கியிருக்காங்க. அதான் காரணம். கையெழுத்துப் போடும்மா."

"கொஞ்சம் கீழ வர்றீங்களா சார்?"

கூடத்தில் பம்புகள் ஓய்ந்திருந்தன. அவள் மூன்றாம் பம்பில் பாதித் தண்ணீரை வடித்துவிட்டு மோட்டாரைப் போட்டாள். உள்ளே கடகடவென்று உருண்டது. அவருக்கே கேட்டது. திரையில்: காற்று இல்லை.

மோட்டாரை அணைத்தாள். நாலாம் பம்புக்குப் போனாள். அது விளிம்பு வரை தண்ணீர் நிரம்பி, ஓடாமல் சும்மா நின்றது. ஸ்பானரால் தட்டினாள். மேலே அடைப்பான் சீறியது. திரையில்: காற்று உள்ளது. உறுதி: 99.

கோமதிநாயகம் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"கைப்பட்டையக் கழட்டினது உண்மைதானம்மா?"

"உண்மைதான் சார்."

"அப்ப அறிக்கையில பொய் ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல சார். ஆனா அடுத்த மாசம் இந்தப் பெட்டி பதினோரு ஊருக்குப் போகுது. அங்க எல்லாம் பம்புக்காரங்களை இப்பவே நிறுத்திட்டாங்க. அங்க தட்டுறதுக்குச் சூசை அண்ணன் கிடையாது."

"கொஞ்சம் பொறு. மேல பேசி, பக்குவமா..."

"பதினோரு ஊருக்கும் காலையிலயே எழுதிட்டேன் சார். அன்னைக்கு ஆறாம் வாய்ல விசையைக் கூட்டினது நான்னும் எழுதியிருக்கேன்."

அவர் அவளைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான் கூட்டி வைன்னு சொன்னேன். அதை எழுதுனியா?"

"இல்ல சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே படியேறினார். நடுவில் ஒருமுறை நின்றார். திரும்பவில்லை.

அதன் பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. பெட்டியை அணைத்தார்கள். வீட்டுக்குப் போன ஆறு பேருக்கும் ஆள் அனுப்பினார்கள். நாலு பேர் வந்தார்கள். ஒருவர் மலேசியா போய்விட்டார், ஒருவர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கைத்திருகுகளைத் திரும்பவும் பொருத்தினார்கள். வேலையை விட்டுப் போகப் பியூலாவுக்கு மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

சூசையின் முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் மதியம் பேச்சித்தாய் கூடத்துக்கு வந்தாள். அவருடைய பெட்டகத்தில் இருந்த சட்டை, சாப்பாட்டுத் தூக்கு, ஜெபமாலை எல்லாவற்றையும் அவர் மனைவிக்கு எடுத்துப்போக வேண்டும். முந்தானையில் எதையோ சுற்றி வைத்திருந்தாள்.

பியூலா மூன்றாம் பம்பின் பக்கத்தில் நின்றாள். தினமும் இந்த நேரத்தில் அங்கே வந்து நிற்பது வழக்கமாகியிருந்தது. ஓடுகிற பம்பில் காதை வைத்துக் கேட்பாள். எல்லாம் ஒரே இரைச்சல். கூழாங்கல் அவளுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்பானரை எடுத்துத் தட்டினாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் தட்டுனீங்க மேடம்" என்றாள் பேச்சித்தாய் பின்னாலிருந்து.

பியூலா திரும்பினாள்.

"நாலும் ஒரே ஓட்டமா."

"உனக்கு எப்படி... நீ அங்க இருந்தியே பேச்சி."

"குழா வழியா கேட்டுச்சு. கிணத்துக்குள்ள இருந்து கேக்குத மாதிரி. அண்ணாச்சி அப்பவும் தொங்கிட்டுதான் இருந்தாக. சத்தங்கேட்டதும் மூஞ்சியே மாறிட்டு. ‘ஏ பேச்சி, கேட்டியா? மூணாம் பம்பு. இஞ்சினியரம்மா தட்டுதாக. தட்டத் தெரியல பாரு, கதவத் தட்டுத மாதிரி தட்டுதாக’ன்னு சிரிச்சாக."

பியூலா ஸ்பானரைக் கீழே வைத்தாள். "என் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கு. அவர் திருப்பித் தட்டியிருந்தா... நான் குழாய் பக்கத்துலதான் நின்னேன். எனக்குக் கேட்டிருக்குமே!"

"நானும் அதத்தான் சொன்னேன். ‘தட்டுங்க அண்ணாச்சி, இப்பத் தட்டுனா கேக்கும்’னு கத்துனேன்." பேச்சித்தாய் முந்தானையைப் பிரித்தாள். இருபத்துநாலாம் நம்பர் ஸ்பானர். துரு கட்டத் தொடங்கியிருந்தது. "மாட்டேன்னுட்டாக. ‘நான் தட்டுனா பெட்டி அங்கன விட்டுட்டு இங்கன ஓடி வந்திரும் பேச்சி. அந்தப் பிள்ள காத்த எடுத்து முடிக்கட்டும். மூணு பிடிச்சிட்டுன்னா தண்ணி இறங்கிரும்’னாக."

"அப்புறம்?"

"பொறவு பம்பு பிடிச்ச சத்தம் கேட்டுச்சு. குழா அதிர்ந்துச்சு. ‘பிடிச்சிட்டு’ன்னாக. இத என் கையில குடுத்தாக." அவள் ஸ்பானரைப் பலகையில் அதன் இடத்தில் மாட்டினாள். "அதுக்குப் பொறவு ரொம்ப நேரம் தொங்கல மேடம்."

மூன்றாம் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பியூலா குனிந்து அதன் முதுகில் காதை வைத்தாள். இரைச்சல். வெறும் இரைச்சல். மேற்கே மறுபடியும் மேகம் கட்டியிருக்கிறது என்று யாரோ வாசலில் சொல்லிக்கொண்டு போனார்கள். வேலைக்குத் திரும்பிய நாலு பேரில் ஒருவர் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"ரெண்டுல காத்து" என்றார்.

அவள் இரண்டாம் பம்பைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.